சித்திரைக் கிணறுதான் அளவு: ஒரு ஏக்கர் இயற்கைக் காய்கறித் தோட்டம் நடத்தும் முறை

ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் நிலம். அதில் காய்கறி போடுவது ஒரே ஒரு ஏக்கரில்தான். தோட்டம் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மீதி இரண்டு ஏக்கரை ஏன் சும்மா விட்டிருக்கீங்க?" என்றுதான். அது சும்மா இல்லை. மாட்டுத் தீவனமும் முருங்கையும் கொஞ்சம் தென்னையும் அங்கே நிற்கின்றன. மழையை நம்பி சோளமும் கொள்ளும் விதைக்கிறோம். காய்கறி நிலத்துக்கு எருவும், மண்ணை மூடிப் பரப்புகிற தழை மூடாக்கும் அங்கிருந்துதான் வருகின்றன. இந்த அளவுக்கு வந்து சேர எங்களுக்கு மூன்று வருஷம் பிடித்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த மூன்று வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2016 ஆடியில் நானும் வீட்டுக்காரரும் இரண்டரை ஏக்கரில் ஒரே மூச்சாகத் தக்காளி, கத்தரி, வெண்டை என்று நட்டோம். அப்போது கிணற்றில் தண்ணீர் இருந்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்துப் போனது. ஐப்பசியும் கார்த்திகையும் வெயிலாகவே கழிந்தன. மாசியில் மோட்டார் போட்டால் இருபது நிமிஷத்தில் காற்றை இழுத்தது. பாதி நிலம் காய்ந்தது. மிச்சப் பாதியில் தக்காளி மொத்தமாகப் பழுத்து, மண்டியில் கிலோ மூன்று ரூபாய், நான்கு ரூபாய்க்குப் போனது; பறிப்புக் கூலிக்கே அது பத்தவில்லை. பழத்தைச் செடியிலேயே விட்டோம். அத்தை வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நாங்கள் நிலத்தின் அளவைத் தீர்மானித்தது ஆடி மாசத்துத் தண்ணீரைப் பார்த்து. பார்த்திருக்க வேண்டியது சித்திரை மாசத்துத் தண்ணீரை. ஆள் பலமும் விற்பனையும் இதே மாதிரிதான். வருஷத்திலேயே எது மிகக் குறைவாகக் கிடைக்குமோ அந்த அளவை வைத்துத் தோட்டத்தைத் திட்டமிடுங்கள்.

கிணற்றை அளப்பது

சித்திரைக் கடைசியிலோ வைகாசி தொடக்கத்திலோ ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றை மோட்டார் குழாய்க்கு நேரே வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். எங்கள் மோட்டாருக்கு 40 வினாடி. அதாவது வினாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். அப்புறம் காலையிலும் சாயங்காலமும் கிணறு வற்றும்வரை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஏழு நாளும் குறித்து வையுங்கள். சராசரியை விட்டுவிட்டு, ஏழு நாளில் எது குறைவோ அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம். ஆக, ஒரு நாளைக்கு 27,000 லிட்டர்.

இனி நிலத்தின் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் சுமார் 4,000 லிட்டர் வேண்டும். கோடையில் காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 20,000 லிட்டர். மாடு, வீடு, நாற்றங்கால், தீவனப்புல் எல்லாவற்றுக்கும் 7,000 லிட்டர் ஒதுக்கினேன். மிச்சம் சரியாக ஒரு ஏக்கருக்குத்தான் வருகிறது. எங்கள் ஒரு ஏக்கர் இப்படி வந்ததுதான். உங்களுக்கு நாற்பது சென்ட் வரலாம், இரண்டு ஏக்கரும் வரலாம். வருகிற அளவோடு நில்லுங்கள். ஐப்பசி மழையில் கிணறு நிரம்பி வழியும்போது இன்னும் ஒரு ஏக்கர் போடலாமே என்று கை அரிக்கும். அந்தத் தண்ணீரில் மழைக்காலத்துச் சோளமும் தீவனமும் போடுங்கள். நான்கு மாசம் நிற்கிற கத்தரியைப் போடாதீர்கள்.

சொட்டுநீர் கட்டாயம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கலோடு சிறு, குறு விவசாயி சான்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழாய் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பக்கக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்ற வேண்டும். ஜீவாமிர்தத்தை (சாணம், கோமியம், வெல்லம் கலந்து ஊறவைக்கும் கரைசல்) சொட்டுநீரில் விடுவதாக இருந்தால் இரண்டு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நான் ஒரு மடிப்பில் வடிகட்டி, அரை ஏக்கருக்குத் துளை அடைத்து, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்திருக்கிறேன். இப்போது அதை வாளியில் எடுத்து வேரடியில் ஊற்றுவதோடு சரி.

தண்ணீரைப் பெரிதும் மிச்சப்படுத்துவது மூடாக்குதான். சோளத்தட்டை, தென்னை ஓலை, கடலைத் தோல், முருங்கைக் கொம்பை வெட்டும்போது விழும் தழை என்று எது கிடைத்தாலும் செடிக்கு நடுவில் நான்கு விரல் உயரத்துக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகும். மழைக்காலத்தில் கனத்தைக் குறையுங்கள்; இல்லையென்றால் நத்தையும் மரவட்டையும் குடியேறிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு களையை அடக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு போகத்தில் கிழிந்து மண்ணுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். அதைப் பொறுக்குவதற்கு நாள்கூலி கொடுத்த ஒரு தோட்டத்தைப் பார்த்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நிலத்தைத் துண்டு போடுவது

ஒரு ஏக்கரைப் பத்துப் பத்து சென்ட்டாகப் பத்துத் துண்டு ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைத்திருக்கிறோம். இந்தத் தனி வால்வுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். ஒரு துண்டைக் காயப்போடவும் இன்னொன்றுக்கு மட்டும் தண்ணீர் விடவும் முடியாவிட்டால் பயிர்ச் சுழற்சி ஏட்டிலேயே நின்றுவிடும்.

இரண்டு துண்டில் கல்தூண் நட்டு நிரந்தரப் பந்தல் போட்டிருக்கிறோம். பந்தலை இடம் மாற்ற முடியாது, அதனால் பயிரை மாற்றுகிறோம். ஆடியில் அவரை ஏறும், தை வரை காய்க்கும். அதை அறுத்துவிட்டுத் தையில் பாகல், பீர்க்கு, புடலை. அவரை வேர் மண்ணில் விட்டுப்போகும் தழைச்சத்து அடுத்து வரும் கொடிக்கு உதவுகிறது. இன்னொரு துண்டு முழுக்கக் கீரைக்கும் நாற்றங்காலுக்கும். மிச்சம் ஏழு துண்டில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் ஒரே குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். இது இருந்த துண்டில் அடுத்த மூன்று போகத்துக்கு இதே குடும்பம் வரக் கூடாது. வந்தால் வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு தெரியும், வாடல் நோயும் சேர்ந்து வரும். நாங்கள் கத்தரிக்குப் பிறகு கொத்தவரை அல்லது தட்டைப்பயறு, அதன் பிறகு வெண்டை, அதன் பிறகு முள்ளங்கி, சின்ன வெங்காயம் என்று சுற்றுகிறோம். நூற்புழு வந்த துண்டில் செண்டுமல்லி ஒரு போகம் போட்டு, அடுத்து நடும்போது பத்து சென்ட்டுக்குப் பத்து கிலோ வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள்.

பட்டத்தை, அதாவது விதைக்கிற பருவத்தை, மீறாதீர்கள். எங்கள் பக்கம் கத்தரி, மிளகாய், அவரை ஆடிக்கு. தக்காளியை நான் கார்த்திகைக் கடைசியில்தான் நடுவேன். ஐப்பசி மழையில் மாட்டினால் இலைக்கருகலில் ஒரே வாரத்தில் போய்விடும். கோடையில் வெண்டை போட்டால் வெள்ளை ஈ வந்து மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும். அந்தப் பருவத்துக்குத் தேமலைத் தாங்கும் அர்கா அனாமிகா போன்ற ரகத்தைப் போடுங்கள், நோய் கண்ட செடியை முதல் நாளே பிடுங்குங்கள்.

பெரும்பாலோர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. பத்து சென்ட்டையும் ஒரே நாளில் நடுகிறார்கள். பத்து சென்ட் வெண்டை ஒன்றாகக் காய்த்தால் நாள்விட்டு நாள் பறிக்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் முற்றும், வாங்க ஆளும் இருக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு சென்ட் விதையுங்கள். முதல் விதைப்பு ஓயும்போது நான்காவது விதைப்பு காய்க்கத் தொடங்கியிருக்கும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், முள்ளங்கி 45 நாள். இவற்றை வாராவாரம் ஒரு பாத்தி வீதம் விதைக்க வேண்டும். நான் வியாழக்கிழமை கீரை விதைப்பது என்று வைத்திருக்கிறேன். வீட்டில் விசேஷம் இருந்தாலும் அந்த ஒரு பாத்தியை விதைத்துவிட்டுத்தான் புடவை மாற்றுவேன். ஒரு வியாழன் விட்டால் நாலாவது வாரம் கீரைக் கூடை காலியாக இருக்கும்.

மண்

எங்களிடம் இரண்டு காங்கேயம் மாடும் இரண்டு கன்றும் உண்டு. ஒரு நாட்டு மாடு நாளுக்குப் பத்து கிலோ அளவுக்குச் சாணம் போடும். கன்றுகளையும் சேர்த்து வருஷத்தில் எட்டு டன் வைத்துக்கொள்ளலாம், மக்கினால் பாதியாகும். நான்கு டன் மக்கிய எருவை நூறு சென்ட்டுக்குப் பங்கிட்டால் சென்ட்டுக்கு 40 கிலோ. ஒரு துண்டுக்கு வருஷத்தில் ஒருமுறைதான் அது கட்டுப்படியாகும். இன்னொரு போகத்துக்குப் பசுந்தாள் உரம். இதற்கு மேல் வேண்டும் என்று வெளியிலிருந்து எரு வாங்கினோம் ஒரு வருஷம். லோடு லோடாக வந்த எருவோடு கோரைக்கிழங்கும் வந்தது. இன்றுவரை ஒரு துண்டில் கோரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முடிந்த மட்டும் வெளி எரு வேண்டாம். வாங்கியே தீர வேண்டுமானால் குவித்து, நனைத்து, சூடேறி அடங்கும்வரை விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

பச்சைச் சாணத்தை நேராக வயலில் போடக் கூடாது. அது வண்டை அழைத்து முட்டையிட வைக்கும், வேர்ப்புழு பெருகும். புங்கை மர நிழலில் நாலடி அகலம், மூன்றடி உயரத்தில் சாணம், காய்ந்த இலை, பச்சைத் தழை என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் ஈரத்தின் பதம். மக்கிய எருவில் 50 கிலோவுக்கு ஒரு கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, சாக்கால் மூடி இரண்டு வாரம் வைத்து அப்புறம் நடவுக் குழியில் போட்டால் நாற்றழுகலும் வாடலும் நன்றாகவே குறைகின்றன.

பசுந்தாளுக்குச் சணப்பு, தக்கைப்பூண்டு இரண்டும் நல்லவைதான். எனக்குப் பிடித்தது பலதானிய விதைப்பு. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய முறை அது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் என்று ஒவ்வொன்றிலும் கைக்குக் கிடைத்த மூன்று நான்கு வகையைக் கலந்து, ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ என்ற கணக்கில் விதைக்க வேண்டும்; பத்து சென்ட்டுக்கு இரண்டரை கிலோ போதும். 45, 50 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் மக்கவிட்டு அப்புறம் நடுங்கள். உழுத மறுநாளே நட்டால் மக்கும் சூட்டில் நாற்று வாடும். வீட்டுக் கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, எள், கம்பு, உளுந்து எல்லாம் சேர்ந்து ஒன்றாக முளைத்து நிற்பதைப் பார்க்கிறபோது மனசு நிறைந்துவிடும். எங்கள் துண்டுகளில் மண்வெட்டி போட்டால் இப்போது ஒவ்வொரு வெட்டிலும் மண்புழு வருகிறது. 2016இல் ஒன்றுகூட இல்லை.

ஜீவாமிர்தம் செய்முறை பலருக்கும் தெரியும்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி. நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கலக்க வேண்டும். இது ஒரு ஏக்கருக்கு. ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள்: இது மண்ணில் இருக்கிற நுண்ணுயிரைப் பெருக்குகிற வேலையைச் செய்யும். எருவும் மூடாக்கும் இல்லாத மொட்டை நிலத்தில் ஊற்றினால் அந்த உயிர்களுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

பூச்சி

கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான் வராத தோட்டத்தை நான் பார்த்ததில்லை. செய்ய வேண்டியது எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வரிசை வரிசையாக நடந்து, தலை தொங்கும் குருத்துகளைக் கிள்ளிப் பையில் போடுங்கள். உள்ளே புழு இருக்கும். துளை விழுந்த காயையும் பறித்து, எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடுங்கள். வரப்பில் எறிந்தால் புழு கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், அதில் உள்ள லூரை (பூச்சியை இழுக்கும் வாசனைத் துண்டை) பாக்கெட்டில் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். முதல் இரண்டு வருஷம் பறித்ததில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்குச் சொத்தைதான். இப்போது பத்துக்கு ஒன்று, மோசமான வாரத்தில் இரண்டு.

தக்காளியில் காய்ப்புழுவுக்குப் பதினைந்து வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. தாய்ப்பூச்சி பூவைத் தேடிப் போய் அங்கே முட்டையிடும், அந்த மொட்டுகளைக் கிள்ளி எடுக்கலாம். தோட்டத்தைச் சுற்றி மூன்று வரிசை சோளம். அடுத்த காட்டில் மருந்து அடித்தால் கொஞ்சம் தடுக்கும், வெள்ளை ஈயும் நேராக உள்ளே வராது. வரப்பில் தட்டைப்பயறு போட்டால் அதில் அசுவினி வரும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அதைப் பார்த்துப் பதறித் தட்டைப்பயறில் எதையும் தெளித்துவிடாதீர்கள். பொறிவண்டு வளர்கிற இடமே அதுதான்.

கரைசல் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வாரம் ஒருமுறை வேம்பு, பத்து நாளுக்கு ஒருமுறை ஐந்திலை, நடுவில் இஞ்சி பூண்டு என்று அட்டவணை போட்டுத் தெளிக்கிறார்கள். பூச்சி இருக்கிறதோ இல்லையோ தெளிப்பது ரசாயனக் காலத்துப் பழக்கம். இயற்கைக் கரைசலானாலும் நல்ல பூச்சியும் சேர்ந்துதான் அடிபடும். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். தேவைப்பட்டால் மட்டும், சாயங்காலம் தெளியுங்கள். நான் நம்புவது வேப்பங்கொட்டைக் கரைசலை. ஆனி, ஆடியில் விழும் வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, சாக்கில் காற்றோட்டமாக வையுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு அந்தக் கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு அரை கிலோ. இடித்துத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். எட்டு மாசத்துக்கு மேல் பழசான கொட்டையில் வீரியம் இருக்காது. பயிர் சோர்ந்திருந்தால் பத்து லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா. அவ்வளவுதான் எங்கள் தெளிப்பு.

ஆளும் விற்பனையும்

தோட்ட வேலைக்கு எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஊரிலிருந்து இரண்டு அக்காமார் வாரம் ஐந்து நாள் வருகிறார்கள். ஆடியில் நடவுக்கும் தையில் அறுப்புக்கும் ஊர் முழுக்க ஆள் தட்டுப்பாடு. அந்த வாரங்களில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே இருந்தால் என்ன செய்ய முடியுமோ, நிரந்தர வேலைகள் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் நாள்விட்டு நாள் பறிப்பு கேட்கிற பயிர் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. வெண்டையும் பாகலும் இருந்தால் மூன்றாவதாக வெள்ளரி கிடையாது. மீதி இடத்தில் சேனை, பூசணி, கத்தரி மாதிரிப் பொறுத்துப் போகிற பயிர்கள். ஆள் கிடைக்காத வாரத்தில் மட்டும் கூலியை ஏற்றாமல், வேலைக்கு வருகிற அக்காமாருக்கு வருஷம் முழுக்க ஒரே மாதிரி வேலையும் கூலியும் கொடுங்கள். எட்டு வருஷமாக அதே இருவர் வருகிறார்கள். எந்தத் துண்டில் எது ஓயப் போகிறது என்று என்னைவிட அவர்களுக்கு முன்னாலேயே தெரியும்.

ஒட்டன்சத்திரம் மண்டி கேரளம் வரை காய் அனுப்புகிற பெரிய சந்தை. அங்கே பத்து மூட்டை, இருபது மூட்டை கொண்டுவருகிறவர்களோடு நம் இரண்டு கூடை போட்டியிட முடியாது. இயற்கையில் விளைந்தது என்பதற்குத் தனி விலையும் இல்லை. திண்டுக்கல்லில் 40 குடும்பங்களுக்கு வாரம் ஒரு கூடை என்று கொடுக்கிறோம். ஐந்து கிலோ காய், இரண்டு கட்டுக் கீரை, 350 ரூபாய். வருஷம் முழுக்க அதே விலை. தக்காளி கடையில் நூறு ரூபாய்க்குப் போனாலும் பத்து ரூபாய்க்கு இறங்கினாலும் எங்கள் கூடையின் விலை மாறாது. இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். எந்தக் காய் வரும் என்பது தோட்டத்தின் கையில், எவ்வளவு வரும் என்பது எங்கள் பொறுப்பு.

நாற்பது குடும்பத்துக்கு எவ்வளவு நட வேண்டும்? பின்னாலிருந்து வாருங்கள். வீட்டுக்கு அரை கிலோ கத்தரி என்றால் 20 கிலோ. சொத்தைக்கும் சேர்த்து 25 கிலோ பறிக்க வேண்டும். எங்கள் நிலத்தில் ஒரு செடி வாரத்துக்கு 60 கிராம் தரும் என்று அடக்கமாகக் கணக்கு வைத்தால் சுமார் 420 செடி, நான்கு சென்ட் போதும். மிச்சம் ஆறு சென்ட்டில் இரண்டு மாசம் கழித்து அடுத்த கத்தரியோ மிளகாயோ நடலாம். எல்லாப் பயிருக்கும் இப்படி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. வாரத்துக்கு வரவு 14,000 ரூபாய். இரண்டு பேருக்கு ஐந்து நாள் கூலி 4,000. வண்டி 1,200. வெல்லம், பயறு மாவு, மாட்டுக்குத் தவிடு புண்ணாக்கு 1,500. விதை, கயிறு, பை 500. மோட்டார், சொட்டுநீர், பந்தல் பழுதுக்கு ஒதுக்குவது 800. மொத்தச் செலவு 8,000 போக 6,000 ரூபாய் நிற்கிறது. எங்கள் இருவரின் உழைப்புக்கும் அதுதான் சம்பளம். பழுதுக்கு ஒதுக்கும் 800 ரூபாயைத் தனி டப்பாவில் போடுங்கள். மோட்டார் காயில் எரிவது எப்போதும் சித்திரையில்தான் நடக்கும்.

வருஷத்தில் சிரமமான மாசங்கள் இரண்டு. மே மாசப் பள்ளி விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் ஊருக்குப் போய்விடும். தண்ணீரும் அப்போதுதான் குறைவு என்பதால் அந்த மாசம் இரண்டு துண்டை மூடாக்கு போட்டுக் காயவிடுகிறோம். கோடை மழை விழுந்ததும் அதில்தான் பலதானியம். மற்றது கார்த்திகை. மாலை போடுகிற வீடுகளில் காய் அதிகம் கேட்பார்கள், மழையில் கீரை அழுகி, பூ உதிர்ந்து நமக்கு வரத்துக் குறைந்திருக்கும். இதற்காகவே சித்திரையில் சேனை நடுகிறோம், ஆடியில் வரப்போரம் பூசணி போடுகிறோம். முற்றிய பூசணியைக் காம்போடு அறுத்து, திண்ணையில் வைக்கோல் பரப்பி ஒன்றோடொன்று படாமல் அடுக்கினால் மூன்று மாசம் தாங்கும். கார்த்திகையில் கூடையை நிரப்புவது பூசணி, சேனை, வாழைத்தண்டு, வாழைக்காய், முருங்கைக்கீரைதான்.

சான்றிதழ் பற்றிக் கேட்பார்கள். நேரடியாக விற்கிறவர்களுக்கு பிஜிஎஸ் (விவசாயிகளே ஒருவருக்கொருவர் உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத) முறை போதும். பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்கோ பெரிய நிறுவனங்களுக்கோ விற்பதானால் கோயம்புத்தூரில் உள்ள அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். எங்களிடம் வாங்குகிற குடும்பங்கள் வருஷத்தில் ஒருநாள் தைப்பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருகிறார்கள். பிள்ளைகள் மூடாக்கைத் தூக்கி மண்புழு பார்ப்பார்கள்.

விதை

தொடக்கத்தில் கத்தரி, அவரை, கொத்தவரை, கீரை இந்த நான்கில் மட்டும் விதை எடுக்கப் பழகுங்கள். வெண்டையும் கொடிக் காய்களும் பக்கத்து ரகத்தோடு எளிதாகக் கலந்துவிடும், அதைப் பிறகு பார்க்கலாம். கத்தரியில் நோயில்லாத நல்ல பத்துச் செடிகளைப் பூக்கும்போதே தேர்ந்து துணி கட்டி அடையாளம் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாம், மூன்றாம் பறிப்பில் இரண்டு காயை விட்டுவிடுங்கள். மஞ்சளாகி மெத்தென்று ஆனதும் அறுத்து, பிசைந்து, தண்ணீரில் கழுவி, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கிய விதையை எடுத்துத் துணியில் இளவெயிலில் இரண்டு நாள், நிழலில் நான்கு நாள் உலர்த்துங்கள். அத்தை அதை அடுப்புச் சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தேதியும் துண்டு எண்ணும் எழுதிய காகிதத்தைக் கழுத்தில் கட்டுவார். அமாவாசைக்கு அமாவாசை எடுத்து ஒருமுறை வெயிலில் காட்டுவார். விதைப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஐம்பது விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். நாற்பதுக்கு மேல் முளைத்தால் அந்தக் கலயத்தை நாற்றங்காலுக்குக் கொண்டுபோகலாம். குறைந்தால் விதையைக் கூட்டித் தூவுங்கள்.